இங்கு முன்னர் என்ன இருந்தது?

சிலிக்கன் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவர் குடும்பமொன்றின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, கடை விளம்பரத் தாள்களுக்கிடையே பிரிக்கப்படாத கடிதமொன்று கிடப்பதைக் கண்டோம். அரச முத்திரையிட்ட உறை. வாடகை சம்பந்தமான கடிதமாக இருக்கும், பிறகு பார்ப்போம் என்று எடுத்து வைத்துவிட்டதாகக் குடும்பத் தலைவர் கூறினார். பிரித்து வாசித்தபோது வாடகை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அக்குடியிருப்பு அமைந்துள்ள நிலத்தின் கீழே, பல ஆண்டுகளுக்கு முன் அயலில் இயங்கிய தொழிற்சாலையொன்றின் இரசாயனக் கரைப்பான் தேங்கியுள்ளது என்றும், அதன் ஆவி வீடுகளுக்குள் கசிகின்றதா என்பதை அறியக் காற்று மாதிரி எடுக்க வேண்டியுள்ளது என்றும், அதற்கு வீட்டாரின் சம்மதம் தேவை என்றும் எழுதப்பட்டிருந்தது. பதிலளிக்க வேண்டிய திகதி கடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

இப்போதாவது சம்மதம் எழுதி அனுப்புங்கள் என்றோம். அவ்வீட்டுத் தாயார் தயங்கினார். "மாஸ்ரர், வந்த இடத்திலை நாங்கள் ஏன் வாயைக் குடுப்பான்? வீட்டுக்காரன் எழும்பச் சொன்னால் பிள்ளையளையும் கொண்டு எங்கை போறது?" என்றார்.

அவரது கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட எம்மால் இயலவில்லை. கேள்வி கேட்டவர்கள் காணாமற்போன நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். வாய் திறவாதிருத்தல் அங்கே உயிர் காத்த கலை. ஆயினும், ஒரு நாட்டில் நம்மைக் காத்த மௌனம் இன்னொரு நாட்டில் நம் பிள்ளைகளைக் காக்குமா என்பதை நாம் சிந்தித்தே ஆகவேண்டும். நகரங்கள் வளரும்போது அவற்றின் கழிவு எங்கே போகின்றது, அதன்மேல் யார் குடியமர்த்தப்படுகின்றனர் என்பதை அறிந்தவர்க்கு இக்கேள்வியின் பாரம் விளங்கும்.

பழத்தோட்டங்களின்மேல் எழுந்த நகரம்

இன்று கணினி உலகின் தலைநகராகப் போற்றப்படும் சான்ரா கிளாராப் பள்ளத்தாக்கு, சில தலைமுறைகளுக்கு முன் அப்பிரிக்கொற், பிளம், செரி முதலிய பழமரங்களால் நிறைந்திருந்தது. 'இதயங் களிக்கும் பள்ளத்தாக்கு' என்பதே அதற்கு அன்று வழங்கிய பெயர். 1950ஆம் ஆண்டில் சான் ஹொசே நகரின் சனத்தொகை ஏறத்தாழ 95 ஆயிரம். 1980இல் அது 6 இலட்சத்து 29 ஆயிரமாயிற்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 10 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. தோட்டத்துக்கும் நகருக்குமாக நிலத்தடி நீரை இறைத்த இறைப்பில், நகரின் மத்திய பகுதி 1910ஆம் ஆண்டையடுத்து வந்த அரை நூற்றாண்டில் சுமார் 13 அடி கீழிறங்கியது. வெளியிலிருந்து நீரைக் கொண்டுவந்து நிலத்தடியை நிரப்பிய பின்னரே அந்த இறக்கம் நின்றது.

மரங்களைத் தறித்த இடத்தில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளைச் 'சுத்தமான தொழில்' என்று எல்லோரும் புகழ்ந்தனர். புகைபோக்கி இல்லை, கரி இல்லை, சங்கு ஊதும் ஓசை இல்லை. புல்வெளி சூழ்ந்த தாழ்ந்த கட்டடங்கள் கல்லூரி வளாகங்கள் போலவே தோன்றின. ஆனால் சிலிக்கன் தகடுகளையும் உலோக உறுப்புகளையும் கழுவித் துடைக்க வீரியமிக்க கரைப்பான்கள் பெருமளவில் தேவைப்பட்டன. அவை தீப்பற்றும் என்ற அச்சத்தால் நிலத்தின் கீழ்த் தாங்கிகளில் சேமிக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்ததை நாளடைவில் மனமும் மறந்தது.

1981 டிசெம்பரில் அந்த மறதி முடிவுக்கு வந்தது. தென் சான் ஹொசேயில் பெயார்சைல்ட் நிறுவனத்தின் தொழிற்சாலையில் நிலத்தடித் தாங்கியொன்று கசிந்திருந்தமை அப்போது தெரியவந்தது. சுமார் 60,000 கலன் கழிவுக் கரைப்பான் மண்ணுள் இறங்கி, அயலிலுள்ள குடிநீர்க் கிணறொன்றை எட்டியிருந்தது. கிணறு மூடப்பட்டது. ஆனால் அந்நீரை அருந்திய மக்களுக்குச் செய்தி எட்டியது 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பத்திரிகை வாயிலாகவே. தம் அயலில் இத்தனை கருச்சிதைவுகளும் இதயக் குறையோடு பிறந்த குழந்தைகளும் ஏன் என்று அப்பகுதித் தாய்மார் கேட்கத் தொடங்கினர். மாநிலச் சுகாதாரத் திணைக்களம் 1985இல் வெளியிட்ட ஆய்வு, அவ்விரண்டும் வழமையிலும் இரு மடங்குக்கு மேற்பட்டிருந்தன என்று கண்டது. நீர்தான் காரணம் என்று அதனால் நிறுவ முடியவில்லை. பின்வந்த ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தவில்லை. நேர்மையாகச் சொல்வதானால் அந்த வினா இன்றும் விடையின்றியே நிற்கின்றது.

விடை கிடைக்காவிடினும் அத்தாய்மார் கேட்டது வீண்போகவில்லை. நிலத்தடித் தாங்கிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கலிபோர்னியா 1983இல் இயற்றியது. அடுத்த ஆண்டே நடுவணரசும் அதைப் பின்பற்றியது. எங்கும் தாங்கிகள் தோண்டிச் சோதிக்கப்பட்டபோது, ஒன்றல்ல, இரண்டல்ல, பல தொழிற்சாலைகளின் கீழே நஞ்சு தேங்கியிருப்பது வெளிப்பட்டது. நாட்டின் மிக மோசமான நச்சு நிலங்களைத் துப்புரவாக்க 1980இல் பிறந்த 'சுப்பர்பண்ட்' சட்டத்தின் பட்டியலில், சான்ரா கிளாராக் கவுண்டிக்கு மட்டும் 23 இடங்கள் உள்ளன. அமெரிக்காவில் வேறெந்தக் கவுண்டிக்கும் இத்தனை இல்லை. மவுண்டன் வியூவிலும் சனிவேலிலும் சில இடங்களில் நாற்பது ஆண்டுகளாக நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்து வருகின்றனர். இன்னும் முடிந்தபாடில்லை.

இக்கரைப்பான்களுள் ரைகுளோரோஎதிலீன் என்பது தனிப்பட்ட கவனத்துக்குரியது. நீரிலும் கனமானது, ஆகவே அடியில் இறங்கும். அங்கே கிடந்தபடியே ஆவியாகி, மண்ணின் துளைகள் வழியாக மேலெழுந்து, வீட்டு அத்திவாரத்தின் வெடிப்புகளூடாக உள்ளே நுழையும். நிறமில்லை; வீட்டினுள் கசியும் சிறிய அளவில் மணமும் தெரியாது. புற்றுநோயை உண்டாக்கும் என்றும், கருவிலுள்ள சிசுவின் இதயத்துக்குத் தீங்கு பயக்கக்கூடும் என்றும் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கருதுகின்றது. 2024 டிசெம்பரில் அதைத் தடைசெய்யும் விதியையும் அம்முகவரகம் வெளியிட்டது. நாம் கண்ட கடிதம் பேசியது இதுபோன்ற ஆவியைப் பற்றியே.

தொழிற்சாலைகள் பல பின்னர் கடல் கடந்து சென்றன. கழிவும் உடன் சென்றது. தாய்வானின் தாவோயுவானில் 1970 முதல் 1992 வரை இயங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத் தொழிற்சாலையொன்றின் கீழும் இதே கரைப்பான் கண்டெடுக்கப்பட்டது. புற்றுநோயுற்ற தொழிலாளர் நீண்ட காலம் வழக்காடி 2015இல் முதற் தீர்ப்பைப் பெற்றனர். ஒரு நகரம் சுத்தமாயிற்று என்று கேள்விப்பட்டால், அதன் அழுக்கு எந்த நகருக்குப் போயிற்று என்றும் நாம் கேட்க வேண்டும்.

சுன்னாகத்துக் கிணறும் இதுவே

இக்கதை நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் புவியியல் கற்பித்த காலத்தில், நம் குடாநாட்டின் சுண்ணக்கல்லைச் சீனிக்கட்டிக்கு ஒப்பிட்டு மாணவர்க்கு விளக்குவது எமது வழக்கம். ஒரு முனையில் ஒரு துளி தேநீரை வைத்தால் அது எல்லாப் பக்கமும் ஊறிவிடும் அல்லவா? வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அந்நிலத்தில், மழைநீரைக் கல்லுள் வாங்கிவைத்துக் கிணற்றில் தருவதொன்றே இயற்கை நமக்கு அளித்த வரம். எவருடைய வளவில் எதை ஊற்றினாலும் அது அயலவர் கிணற்றுக்கும் உரியதாகிவிடும்.

2014ஆம் ஆண்டளவில் சுன்னாகம் அனல் மின்நிலையத்தை அண்டிய கிராமங்களின் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டபோது, கடல் கடந்திருந்த நம்மில் பலர் அதை ஊர்ச் செய்தியாக வாசித்துப் பெருமூச்சு விட்டோம். மின்சாரமின்றி இருளில் வாழ்ந்த குடாநாட்டுக்குப் போரின் பின் ஒளி தேவைப்பட்டது. ஒளியைத் தந்த எண்ணெயின் கழிவு நிலத்துள் இறங்கியது. மக்கள் மறியல் செய்தனர், உண்ணாவிரதம் இருந்தனர், தாங்கி வண்டிகளில் வந்த நீருக்குக் குடங்களோடு காத்து நின்றனர். சுற்றாடல் அமைப்பொன்றைச் சேர்ந்தவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியின்படி, அங்கு மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பு.

சான் ஹொசேயின் தாய்மாரும் சுன்னாகத்தின் தாய்மாரும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவரும் தம் கிணற்றை எட்டிப்பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டனர். இருவருக்கும் முதலில் கிடைத்த பதில் ஒன்றே: ஆபத்து எதுவுமில்லை.

நம் வீட்டு வடிகால்

இதுவரை கூறியவற்றை வாசித்து, எல்லாப் பழியும் தொழிற்சாலைக்கே என்று நாம் ஆறுதலடையலாகாது. நகரம் வளர வளரத் தொழிற்சாலை ஊருக்கு வெளியே தள்ளப்படுகின்றது. வீடோ பெருகிக்கொண்டே போகின்றது. ஒரு புகைபோக்கியின் நஞ்சை ஒரு சட்டத்தால் அடக்கலாம். இலட்சக்கணக்கான அடுக்களைகளையும் கழிவறைகளையும் மோட்டார் வண்டிகளையும் அவ்வளவு இலகுவில் அடக்க முடியாது.

2022 ஓகஸ்ற் மாதம் சான் பிரான்சிஸ்கோக் குடாவின் நீர் செம்பழுப்பாக மாறியதை நம்மவர் பலரும் கண்டிருப்பர். ஓக்லண்டின் மெரிற் ஏரிக் கரையில் மீன்கள் குவியல் குவியலாகச் செத்தொதுங்கின. எந்தத் தொழிற்சாலையும் வெடிக்கவில்லை. எந்தக் கப்பலும் கவிழவில்லை. நுண்ணிய பாசியொன்று கட்டுக்கடங்காமற் பெருகியதே காரணம். அப்பாசிக்கு உணவு நைதரசன். அந்த நைதரசனின் பெரும்பகுதி, குடாவைச் சுற்றியுள்ள ஒன்பது கவுண்டிகளில் வாழும் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மாந்தரின் கழிவறைகளிலிருந்து வந்தது. 37 சுத்திகரிப்பு நிலையங்கள் அந்நீரைத் தூய்மையாக்கிக் குடாவில் விட்ட போதிலும், நைதரசனை முற்றாக நீக்கும் வசதி அவற்றுட் பலவற்றில் இல்லை. பத்தாண்டுகளுள் நைதரசனை 40 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2024இல் நீர்த்தர ஆணையம் கட்டளையிட்டது. அதற்கான பெருஞ்செலவு நம் எல்லோருடைய கட்டணச் சிட்டையிலும் வந்து சேரும்.

நைதரசனை நாம் முன்னரே அறிவோம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளியிட்ட உரமும், கிணற்றுக்குப் பக்கத்திலேயே வெட்டிய மலக்குழியும் சேர்ந்து நம் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன என்று 1980களிலேயே ஆய்வாளர் எச்சரித்தனர். வளவுகள் துண்டாடப்பட்டு வீடுகள் நெருங்கிய யாழ் நகரில் மலக்குழிக்கும் கிணற்றுக்குமிடையே இருந்த தூரம் குறுகியது. அங்கே எந்த முதலாளியையும் நாம் குற்றங்கூற முடியாது. குழியை வெட்டியவர் நாமே. கிணற்றில் அள்ளிக் குடித்தவரும் நாமே.

இங்கும் அவ்வாறே. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிச் சுடுநீரைத் திறந்துவிடுகின்றோம்; அது கழிவுக் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. வண்டியின் பழைய எண்ணெயையும் சுவருக்குப் பூசி மிஞ்சிய வர்ணத்தையும் தெருவோரத்து மழைநீர் வடிகாலில் கவிழ்ப்போர் நம்மிடையே இல்லை என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. இப்பிரதேசத்தின் பெரும்பாலான ஊர்களில் மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. நேரே ஓடைக்கும் குடாவுக்கும் போகின்றது. வடிகால் வாயருகே மீன் படம் வரைந்து எழுதிவைத்திருப்பது அலங்காரத்துக்காக அன்று.

அக்குடாவின் மீனைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறச் சுறாவைச் சமைத்துக் கொடுத்தல் நம் தாய்மார் வழிவழியாகக் காத்த அன்பு. வார இறுதியில் தூண்டிலோடு குடாக்கரைக்குச் செல்லும் நம் இளைஞர் சுறாவொன்று அகப்பட்டால் மகிழ்ந்து வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர். ஆனால் அக்குடாவின் சுறாவைக் கருவுறும் வயதுப் பெண்களும் பிள்ளைகளும் உண்ணவே கூடாது என்று மாநிலச் சுகாதார அறிவுரை கூறுகின்றது. பாதரசமே காரணம். தங்கம் தேடிய காலத்தில் சான் ஹொசேக்குத் தெற்கே நியூ அல்மடேன் சுரங்கத்தில் தோண்டியெடுத்த பாதரசம், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் மழையோடு குவாடலூப் ஆற்றில் இறங்கி, சேற்றிலிருந்து சிறுமீனுக்கும் சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் ஏறுகின்றது. தாய்ப்பாலுக்கென்று கொடுப்பது சேய்க்கு நஞ்சாகலாம். வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மீன் எந்த நீரில் வளர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள் என்றே சொல்கிறோம்.

நஞ்சு யார் அயலை நாடுகின்றது?

நகரத்தின் கழிவு சமமாகப் பங்கிடப்படுவதில்லை. விலை மலிந்த நிலத்தையே அது நாடும். விலை மலிந்த வீட்டையே அகதியும் நாடுவான். ஆகவே இருவரும் ஓரிடத்தில் சந்திப்பது தற்செயலன்று.

நியூ ஜேர்சியில் வாழும் நம் உறவுகள் பசெயிக் ஆற்றைக் கடந்தே பல தடவை நியூவார்க்குக்குச் செல்கின்றனர். அந்நகரின் அயன்பௌண்ட் பகுதி தலைமுறை தலைமுறையாக வந்தேறுகுடிகளின் முதல் வாசல். அங்கே லிஸ்ரர் அவெனியூவிலிருந்த டயமண்ட் அல்கலைத் தொழிற்சாலை 1951 முதல் 1969 வரை களைகொல்லிகளை உற்பத்தி செய்தது. வியட்நாமியக் காடுகளின்மேல் தெளிக்கப்பட்ட 'ஏஜென்ற் ஒறேஞ்'சும் அவற்றுள் அடங்கும். போர்முனையில் விழுந்த நஞ்சின் மிச்சம் அதைச் செய்த ஊரின் ஆற்றிலேயே படிந்தது. டையொக்சின் என்னும் அக்கொடிய நஞ்சு 1983இல் அங்கு கண்டறியப்பட்டது. ஆற்றின் கடைசி 8.3 மைலைத் துப்புரவாக்க 138 கோடி டொலர் செலவாகும் திட்டம் 2016இல் வகுக்கப்பட்டது. நியூவார்க் குடாவில் நீல நண்டு பிடிப்பதையே மாநிலம் தடைசெய்துள்ளது. நண்டுக் குழம்பின்மேல் ஆசை கொண்ட நம்மவர் இதை மறந்துவிடலாகாது.

அதே நியூவார்க்கில் குடிநீர்க் குழாயின் ஈயம் பிள்ளைகளின் உடலில் ஏறுவதாகப் பெற்றோரும் ஆசிரியர்களும் முறையிட்டனர், வழக்கும் தொடுக்கப்பட்டது. 2019இல் தொடங்கி மூன்றாண்டுக்குள் 23,000க்கு மேற்பட்ட ஈயக் குழாய்களை நகரசபை மாற்றியது. முடியாது என்று கூறப்பட்டவை, மக்கள் விடாது கேட்டால் முடிகின்றன என்பதற்கு இஃதொரு சான்று.

ரெக்சாசில் ஹூஸ்ரன் நகரம் நிலப் பாகுபாட்டுச் சட்டமின்றியே வளர்ந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் எதையும் கட்டலாம். 1979இல் சமூகவியலாளர் றொபேர்ட் புல்லார்ட் அந்நகரின் குப்பை மேடுகளைக் கணக்கிட்டார். நகரசபைக்குச் சொந்தமான ஐந்து மேடுகளும் கறுப்பின மக்களின் குடியிருப்புகளிலேயே இருந்தன. நகரின் சனத்தொகையில் அவர்கள் நாலில் ஒரு பங்கினர் மாத்திரமே. சட்டம் எதுவும் அவ்வாறு விதிக்கவில்லை. எங்கே எதிர்ப்புக் குரல் எழாதென்று எதிர்பார்க்கப்பட்டதோ அங்கே குப்பை போய்ச் சேர்ந்தது. 2019 மார்ச்சில் அதே வட்டாரத்து டியர் பார்க்கில் இரசாயனத் தாங்கிகள் நாட்கணக்கில் எரிந்து கரும்புகை வானை மூடியபோது, கதவை அடைத்து வீட்டுக்குள் இருங்கள் என்றே மக்களுக்குக் கூறப்பட்டது.

நகர வளர்ச்சியே தீது என்று நாம் வாதிடவில்லை. ஒன்றாய் வாழும் நகரத்தில்தான் குழாய்வழிக் குடிநீரும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் கைகூடும். 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின் பின்னர் சான் பிரான்சிஸ்கோக் குடா தெளிந்தது. பெற்றோலிலிருந்து ஈயம் நீங்கியது. நோயும் நகரத்தில்தான், மருந்தும் நகரத்தில்தான். மருந்து எந்தத் தெருவரைக்கும் வந்து சேரும் என்பதே கேள்வி.

கேட்டுப் பெற்ற அகதிகள்

சான் பிரான்சிஸ்கோக் குடாவின் வடகிழக்கே றிச்மண்ட் நகரில் செவ்ரோன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கின்றது. அதன் அயலில் லாவோஸ் நாட்டிலிருந்து போரினால் துரத்தப்பட்டு வந்த அகதிகள் குடியேறினர். எம்மைப் போலவே கிடைத்த வீட்டில் குடியிருந்து, கிடைத்த மண்ணில் கீரையும் மிளகாயும் நட்டவர்கள் அவர்கள். 1999 மார்ச்சில் அவ்வாலையில் வெடிப்பு நிகழ்ந்து புகை பரவியபோது, வீட்டுக்குள் இருங்கள் என்ற தொலைபேசி எச்சரிக்கை ஆங்கிலத்திலேயே வந்தது. லாவோ மூத்தோருக்கு அது விளங்கவில்லை. சத்தம் கேட்டு என்னவென்று பார்க்க வெளியே வந்தவர்களும் உண்டு.

அச்சமூகம் அதன்பின் வாளாவிருக்கவில்லை. ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் மொழிபெயர்க்க, முதியோர் கவுண்டி மேலாளர்களின் கூட்டத்தில் எழுந்து நின்று தம் தாய்மொழியிலேயே பேசினர். எச்சரிக்கை எம் மொழியிலும் வரவேண்டும் என்பதொன்றே அவர்களின் கோரிக்கை. பல மொழிகளில் எச்சரிக்கும் முறைக்குக் கவுண்டி இணங்கியது. 2012 ஓகஸ்ற் 6ஆம் திகதி அதே ஆலை மீண்டும் தீப்பற்றி, ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவ உதவி நாடியபோது, அக்கோரிக்கை எத்துணை நியாயமானது என்பதை எல்லோரும் உணர்ந்தனர். அம்மக்களை எவரும் நாட்டைவிட்டுத் துரத்தவில்லை. நன்றி கெட்டவர்கள் என்றும் கூறவில்லை. கூறியிருந்தாலும் அவர்கள் பிள்ளைகளுக்கு அது உறைத்திராது.

இந்நாட்டில் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவிற் கொள்வோம். 1984 டிசெம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் ஓரிரவில் மாண்டனர். அம்மரணங்கள் அமெரிக்காவையும் உலுக்கின. எந்தத் தொழிற்சாலையில் எந்த நஞ்சு எவ்வளவு உள்ளது என்பதை அயலவர் அறிய வழிசெய்யும் சட்டம் 1986இல் நிறைவேறியது. அது வெள்ளைக்காரன் இட்ட பிச்சையன்று. போபாலின் ஏழைகள் தம் உயிரை விலையாகக் கொடுத்த உரிமை. அதை நாம் பயன்படுத்தாதிருப்பதே நன்றிகேடு.

நாம் செய்யக்கூடியவை

வீடு வாடகைக்கு எடுக்கும்போதும் வாங்கும்போதும் பாடசாலை எது, கோயில் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கும் நாம், 'இங்கு முன்னர் என்ன இருந்தது?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். உலர்சலவைக் கடையும் பெற்றோல் நிலையமும் இருந்த இடமெனில் இன்னும் கூர்ந்து கேட்போம். மாநிலத் திணைக்களங்களின் நச்சு நில வரைபடங்களில் முகவரியை இட்டுப் பார்க்க நம் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆண்டுதோறும் யூலை முதலாம் திகதிக்குள் குடிநீர் வழங்குவோர் நீரின் தர அறிக்கையை வாடிக்கையாளருக்கு அளிக்க வேண்டும் என்பது சட்டம். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்போரின் கைக்கு அது வராதிருக்கலாம், கேட்டு வாங்குவோம். அரச முத்திரையிட்ட எக்கடிதத்தையும் விளம்பரத்தோடு சேர்த்து எறியாதிருப்போம். ஆங்கிலம் விளங்காவிடில் நம் தமிழ்ப் பாடசாலைக்கோ சங்கத்துக்கோ கொண்டுவருவோம். சங்கங்களும் ஆண்டு விழாவுக்கு மண்டபம் தேடும் உழைப்பில் ஒரு பங்கை, இத்தகைய கடிதங்களை வாசித்துச் சொல்ல ஒதுக்க வேண்டும். பொதுக்கூட்டம் கூடும்போது இருவர் மூவராவது போய் அமர்வோம். மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் முன்கூட்டியே கேட்போம்.

நம் பங்கையும் மறவோம். பழைய எண்ணெய், வர்ணம், பூச்சிகொல்லி, மின்கலம் ஆகியவற்றை ஏற்கும் நிலையங்கள் உள்ளன. சான்ரா கிளாராக் கவுண்டியில் குடியிருப்போரிடம் அதற்குப் பணம் வாங்குவதில்லை. பொரித்த எண்ணெயை ஆறவைத்துப் பழைய போத்தலில் அடைக்கலாம். அயலவனின் தொழிற்சாலையிடம் கணக்குக் கேட்கப் போகும் நாம், நம் அடுக்களையின் கணக்கையும் கையில் கொண்டு போவது அழகு.

இக்கட்டுரையை முடிக்கும் வேளையில் அந்த வீட்டுத் தாயார் தொலைபேசியில் அழைத்தார். மகள் கடிதத்தை முழுவதும் வாசித்துச் சொன்னாளாம். காலம் பிந்தினாலும் பரவாயில்லை என்று காரியாலயத்தில் கூறினார்களாம். "சம்மதம் எழுதிப் போட்டிட்டம், மாஸ்ரர். அடுத்த கிழமை பெட்டியொண்டு கொண்டுவந்து வைக்கினமாம்" என்றார். சற்றுப் பொறுத்து, "பக்கத்து வீட்டு மெக்சிக்கோப் பிள்ளைக்கும் அந்தக் கடிதம் வந்ததாம். அவவும் பிரிக்கேல்லையாம். மகள் அவவுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறாள்" என்றார்.

பெட்டி என்ன சொல்லும் என்பது இனித்தான் தெரியவரும். நல்ல செய்தியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். எச்செய்தியாயினும் அதை அறிந்து வைத்திருப்பது அவர்களின் உரிமை.